நாலு மணி டீ

எனக்கு டீ சூடாக இருக்க வேண்டும். நான்கு வருஷம் ஆறிப்போன டீயையே குடித்தவள் சொல்கிறேன், இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கவாதம் வந்து அக்காவுக்கு வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். சாப்பாட்டை மசிய அரைத்து ஊட்டுவேன். ஒரு வாய் தொண்டையில் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். ஊட்டி முடித்ததும் அரை மணி நேரம் கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். இறக்கினால் உள்ளே போனது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எல்லாம் எனக்கு அத்துப்படி. தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசினால் நம்பாதீர்கள்.

வாரம் ஒரு முறை வரும் நர்ஸ் ஒருநாள் என் கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள்.

"அக்காவை விட உங்களுக்குத்தான் பிரஷர் எகிறுது. தினமும் அரை மணி நேரம் உங்களுக்குன்னு உட்காருங்க. நடுவுல எழுந்து ஓடக் கூடாது, சொல்லிட்டேன்."

எனக்காக ஒருத்தர் கவலைப்பட்டது சந்தோஷமாக இருந்தது. அக்காவுக்கு ஊட்டி முடிக்கும் நாலு மணியை எனக்கென்று வைத்துக்கொண்டேன். பின்பக்க பால்கனியில் ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் டீ. ஆனால் தலைப்பக்கம் உயர்ந்திருந்தால் அக்காவின் பார்வை ஜன்னல் வழியாக நேரே என் மேல் விழும். கோபமாகப் பார்த்திருந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு குடித்திருப்பேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோயேன் என்பது போலப் பார்ப்பாள். எனக்கு டீ இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. திரை போட்டும் பார்த்தேன். திரைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிவது இன்னும் மோசம்.

அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை, ஊட்டிய கையோடு கட்டிலின் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை இறக்கினேன். கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். ஐந்து நிமிஷத்தில் இருமல் வந்தது. அடித்துப் பிடித்து ஓடி நிமிர்த்தினேன், அடங்கிவிட்டது. டீ ஆறிவிட்டது.

அந்த வாரம் வந்த நர்ஸ் அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, படுக்க வைத்து ஊட்டுகிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். உட்கார வைத்துத்தான் ஊட்டினேன், அது பொய்யில்லை.

அடுத்த செவ்வாயும் இறக்கினேன். ஏழாவது நிமிஷம் இருமினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருமல் மெலிந்துகொண்டே போனது. பிறகு நல்ல கையால் கட்டில் கம்பியைத் தட்டினாள். முதலில் வேகமாக, அப்புறம் விட்டு விட்டு. நான் எழுந்திருக்கவில்லை. தட்டுவது நின்ற பிறகும் டீ கடைசி வாய் வரை சூடாகவே இருந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாலரைக்கு உள்ளே போனேன்.

உடனே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்கிறீர்கள். பிழைத்திருப்பாள். போன வாரம் பிழைத்தாளே. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அக்கா என்னைத் தப்பாக நினைத்திருக்க மாட்டாள். நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்பதுதான் எப்போதும் அவளுக்குக் கவலை. அந்தக் கம்பியைத் தட்டியதுகூட, அவசரப்படாமல் குடி என்று சொல்லத்தான்.