திரும்பாத லீவர்

– இல்லணா, அத ரிப்பேர் பண்ணிடாதீங்க. மொதல்ல நான் பாக்கணும்.

– அதுக்குத்தானமா ஃபோன் போட்டு வரச் சொன்னேன். நீ குடுத்த ரெண்டு கார்ப்ரேட்டர்ல ஒண்ணு ரெடி. உள்ள கம்பி ஒக்கார்ற ஓட்டையில புதுசா பித்தள புஷ் அடிச்சி, புதுக் கம்பி போட்டுட்டேன். இன்னொண்ண தொடவே இல்ல. இந்தா பாரு, ரெடி பண்ணது இது. லீவர இழுத்து வுடு.

– டக்குனு திரும்பிடுச்சு.

– ஆங். ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்தா இப்டித்தான் திரும்பணும். உள்ள கீற வட்டத் தகடு மூடிக்கும், வண்டி அடங்கும். புரிதா? இப்ப அந்தாண்ட கீறத இழு. முழுசா இழுத்து வுடு.

– விட்டுட்டேன்.

– திரும்புச்சா?

– இல்லணா. அப்படியே நிக்குது.

– இன்னொரு வாட்டி இழு.

– இந்த வாட்டி திரும்பிடுச்சே.

– அதான் இதோட வேல. பத்து வாட்டியில ஒம்போது வாட்டி ஒழுங்கா திரும்பும். பத்தாவது வாட்டி காலை வாரிடும். இந்தக் கம்பி கீது பாரு, இத புடிச்சிக்கினுதான் தகடு சுத்துது. நகத்தால தடவு.

– பள்ளம் தட்டுதுணா.

– அறுவது வருசத்து வண்டிமா. கம்பியும் தேஞ்சிப்போச்சு, அது ஒக்கார்ற ஓட்டையும் முட்ட மாதிரி ஆயிடுச்சி. தகடு ஒரு பக்கமா நவுந்து சொவுத்துல சிக்கிக்குது. ரெண்டு கார்ப்ரேட்டரும் ஒரே ராடுல கோத்துக்கீது. ஒண்ணு சிக்குனா ரெண்டும் தொறந்தேதான் நிக்கும்.

– அப்ப கால எடுத்தாலும் வண்டி ஓடிக்கிட்டே இருக்கும்?

– ஓடறது இன்னா, பாயும்.

– உறுதியா சொல்றீங்களாணா? நான் ஒரகடத்துல ஒரு கம்பெனியில குவாலிட்டி லைன்ல இருக்கேன். ஒரு பார்ட்ட ரிஜெக்ட் பண்றதுன்னாகூட அளந்து பாக்காம எழுத மாட்டோம்.

– நீயே அள. வெர்னியர் அந்த டப்பாவுல கீது. எட்டு எம்எம் கம்பி அது.

– ஏழு புள்ளி ஆறுதான் வருது.

– போதுமா? இப்ப நீ சொல்லு. இதுல இவ்ளோ கேள்வி கேக்கற. இன்னா கதமா இது?

– கல்யாணத்துக்கு வாடகைக்குப் போற பழைய காருணா. பூவெல்லாம் கட்டி, பொண்ணு மாப்பிள்ளைய ஒக்கார வெச்சி கூட்டிட்டு வருவாங்க. போன வருசம் ஜனவரியில மணிமங்கலத்துல, சர்ச்சுலேர்ந்து மண்டபத்துக்கு மெதுவா ஊர்வலமா வந்துக்கிட்டு இருந்துச்சு. வாசல் கிட்ட வந்ததும் திடீர்னு பாஞ்சி அலங்கார வளைவுல மோதிடுச்சு. பேண்டு வாசிக்கிற ஒருத்தருக்குக் கால் முறிஞ்சிடுச்சு.

– அடப் பாவமே. இப்ப எப்டி கீறாரு?

– நல்லா நடக்குறாரு. போய்ப் பாத்துட்டு வந்தேன். மறுபடி டிரம்ஸ் வாசிக்கிறாரு. ஆனா டிரைவர் குடிச்சிட்டு ஓட்டுனாருன்னு பட்டம் கட்டிட்டாங்க. முதலாளி அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிட்டாரு.

– ஊதச் சொல்லிப் பாத்தாங்களா?

– யாரும் பாக்கலணா. போலீசுக்கே போகல, அங்கயே பேசி முடிச்சிட்டாங்க. கல்யாண வீடியோவுல அவர் கொரலு இருக்கு. 'கால எடுத்துட்டேன், நிக்க மாட்டேங்குது, வெலகுங்க வெலகுங்க'ன்னு. பேண்டு சத்தத்துல அன்னைக்கு யாரு காதுலயும் விழல.

– பிரேக்கு அமுக்கிக்கீறாரா?

– வீடியோவுல பின்னாடி லைட்டு எரியுது.

– பத்தடி தூரத்துல, அந்தக் காலத்து பிரேக்க வெச்சிக்கினு அந்த மனுசன் இன்னா பண்ணுவாரு.

– இப்ப ஒரு கம்பெனி கேண்டீன்ல காய் நறுக்குறாராம். ஸ்டீயரிங்கத் தொடுறதே இல்லயாம். பேரு சூசைராஜ்.

– அழாதமா. உங்கப்பாவுக்கு ஃபோனப் போடு. நல்ல சேதிய கையில வெச்சிக்கினு அழுவுறியே.

– நம்பர் இருக்குணா. நீங்களே சொல்லுங்க. மெக்கானிக் சொன்னாத்தான் நம்புவாரு. ஸ்பீக்கர்ல போடுறேன்.

– அலோ, சூசைராஜா? சுங்குவார்சத்திரத்துலேர்ந்து கார்ப்ரேட்டர் மெக்கானிக் ஜீவானந்தம் பேசுறேன். மணிமங்கலத்துல நீங்க ஓட்டுன வண்டியோட கார்ப்ரேட்டர் எங் கையில கீது.

– அந்த வண்டிய வுட்டு ஒன்றர வருசம் ஆவுதுங்க. அதப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க.

– வெச்சிடாதீங்க, கேளுங்க. உள்ள தகடு சிக்கிக்குது. கம்பி தேஞ்சிப்போச்சு. அன்னிக்கி நீங்க கால எடுத்தாலும் வண்டி நின்னிருக்காது. உங்க மேல தப்பே இல்ல.

– இருங்க, டிவி சத்தத்த கொறச்சிட்டு வரேன்.

– அலோ, லைன்ல கீறீங்களா?

– கீறேங்க. அத இன்னொரு வாட்டி சொல்லுங்க.

– உங்க மேல தப்பே இல்ல. நீங்க எடுத்தீங்க, வண்டி கேக்கல.

– எடுத்தேங்க. எடுத்தேன். நாள் ஆவ ஆவ எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க, மிதிச்சிட்டனோன்னு. காய் நறுக்கும்போதுகூட வலது காலு தானா மேல தூக்கிக்கும். கோயிலுக்குப் போனா கடைசி பெஞ்சுலதான் ஒக்காருவேன். பக்கத்துல வர்றவங்க வாய மோந்து பாப்பாங்களோன்னு இருக்கும்.

– வர்ற ஞாயித்துக்கிழம முன்னாடி போயி ஒக்காருங்க.

– சிரிப்பு வருதுங்க. அழுவையும் வருது. மாதாவே. ஒரு நிமிசம் இருங்க, தண்ணி குடிச்சிக்கிறேன்… ஆங், இப்பதாங்க மூச்சு முழுசா உள்ள போவுது. நாளிக்கி யாராச்சும் சாவிய நீட்டுனா வாங்கிடுவேன் போல கீது.

– வாங்குங்க. எல்லாம் உங்க பொண்ணு பண்ண வேல. ஷெட்டுக்குப் போயி, முதலாளிய கெஞ்சிக் கேட்டு, ரெண்டு கார்ப்ரேட்டரையும் பையில போட்டுத் தூக்கிக்கினு வந்துச்சி.

– எம் பொண்ணுங்களா? ஜோஸ்லின் இங்க எம் பக்கத்துல ஒக்காந்து சாப்டுக்கினு கீதுங்க. அங்க யாரு?

– ஏம்மா, நீ யாரு?

– நான் ஜெனிஸ், ஐயா. அன்னைக்கு உங்க பின்சீட்டுல இருந்த கல்யாணப் பொண்ணு. நீங்க குடிச்சிருக்கீங்கன்னு மொதல்ல கத்துனது நான்தான்.