பதினேழாம் கட்டத்து மோட்டார் சைக்கிள்

வண்டி நிறுத்தும் கட்டத்துக்கான படிவத்தில் 'உரிமையாளர்' என்ற இடம் மிகவும் சிறியது, பாரிச்சாத். ஒரு பெயர்தான் கொள்ளும். ஒன்பது வருடமாக அதில் என் மகன் அனுச்சித்தின் பெயரை எழுதி வருகிறேன். உனக்கு முன்னால் அலுவலகத்தில் இருந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் ஸ்டிக்கரை நீட்டிவிடுவார்கள். நீதான் நேற்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பெரியம்மா, வண்டி இறந்துபோனவர் பேர்ல இருக்கு. ஓட்டறவர்னு ஆறாவது மாடி புன்சோங் மாமா பேரு. அவரும் நாளைக்கு வீட்டைக் காலி பண்றார். அப்புறம் யாருக்காக இந்த எடம்?" என்று கேட்டாய். விளக்கம் இருந்தால் பின்பக்கத்தில் எழுதச் சொன்னாய்.

நியாயமான கேள்வி. நூற்று நாற்பது வீடு உள்ள கட்டடத்தில் மோட்டார் சைக்கிளுக்கு இருபத்திரண்டு கட்டம்தான் போட்டிருக்கிறார்கள். நான் இருபத்தெட்டு வருடம் நூலகத்தில் அட்டை எழுதியவள். கேட்டதற்கு முழுப் பதில் எழுதிப் பழக்கம். பின்பக்கம் போதவில்லை என்பதால் தாள் சேர்த்திருக்கிறேன்.

அனுச்சித் அந்தச் சிவப்பு வண்டியை வாங்கியபோது எங்களுக்குக் கட்டம் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் சந்து முனையில், சலவைக் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். மழையில் நனைந்தது. பூனை இருக்கையைக் கிழித்தது. நான்காம் மாடிப் பெண்மணி ஒருத்தி, இவன் ஹெல்மெட்டிலிருந்து லிஃப்டில் தண்ணீர் சொட்டுகிறது என்று மூன்று முறை புகார் கொடுத்தாள். அவளுக்காக இவன் ஹெல்மெட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வருவான். "சூப் வேணுமா அக்கா?" என்று அவளிடமே கேட்டானாம்.

பிறகு பதினேழாம் கட்டம் கிடைத்தது. அப்படியொன்றும் நல்ல இடமில்லை. தரைத்தளத்தின் கடைசியில், மாடிப்படிக்கு அருகே, ஒரு தூணை ஒட்டி இருக்கிறது. மேலே யாருடைய ஏசியோ சரியாக இருக்கையின் மேல் சொட்டும். எலி ஒயரைக் கடிக்கிறது என்று நாப்தலின் உருண்டை கட்டித் தொங்கவிட்டோம். பதினெட்டாம் கட்டத்துக்காரன் வண்டியைச் சாய்த்துச் சாய்த்து நிறுத்தி, இரண்டு வண்டிகளின் கைப்பிடியும் மான் கொம்புபோல் சிக்கிக்கொள்ளும். ஆனாலும் கூரைக்குக் கீழே ஓர் இடம். அன்று இருவரும் வாத்து வறுவல் வாங்கிச் சாப்பிட்டோம்.

நீ தனி வீட்டில் வளர்ந்த பெண். இங்கே கார்கள் எப்படி நிற்கின்றன என்பதை இப்போதுதான் பார்த்திருப்பாய். கோடு போட்ட இடங்கள் நிரம்பியபின் வருகிறவர்கள், நடுப்பாதையில் காரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, சக்கரத்தை நேராக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வழி வேண்டியவர் தள்ளிக்கொள்ள வேண்டியது. யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பாங்காக்கில் இது மரியாதை. ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் போகிறவன்தான் மோசமான ஆள்.

நம் தரைத்தளம் மட்டும், மழைநீர் வடியட்டும் என்று, பின்சுவரை நோக்கி லேசாகச் சரிந்திருக்கிறது. பார்த்தால் தெரியாது. ஒருநாள் என் பையிலிருந்து விழுந்த ஆரஞ்சுப் பழம் அவசரமே இல்லாமல் உருண்டு போய்ப் பதினேழாம் கட்டத்தில் நின்றது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதனால் இங்கே நடுப்பாதையில் நிற்கும் காரின் பள்ளப்பக்கச் சக்கரத்துக்கு முன்னால் ஆளாளுக்கு ஓர் அரைச் செங்கல் வைப்பார்கள். தள்ளும்போது ஒருவர் காரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று கல்லை எடுக்க வேண்டும். கார் முன்னால், பள்ளத்தில் நிற்கக் கூடாது. வந்த முதல் வாரமே காவலாளி லுவான் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவான்.

அனுச்சித்துக்கு ஒரு பெண் பழக்கமானாள். நல்ல பெண்தான். அவன் காலையில் சாப்பிடாமல் கிளம்ப ஆரம்பித்தான். "அவ வீட்டுல சாப்பிட்டுக்கறேம்மா" என்பான். நான் கஞ்சி வைத்து, இஞ்சி சீவி, முட்டை உடைத்து ஊற்றியிருப்பேன். அது ஆறிப்போகும்.

ஒருநாள் குப்பை போடக் கீழே போனபோது ஒரு சிறிய வெள்ளைக் கார், பதினேழாம் கட்டத்துக்குச் சற்று மேலே நின்றது. இரண்டு கல்லைக் கொண்டுபோய், அனுச்சித்தின் வண்டி வெளியே வரும் வழியில் வைத்தேன். அதன் கல்லை எடுத்தேன். ஒரு விரலால் தொட்டேன். கார் தானாக வந்து கல்லில் நின்றது. அனுச்சித் கீழே போய்விட்டு முணுமுணுத்துக்கொண்டே மேலே வந்தான். "எவனோ வண்டிய வழியிலயே விட்டுட்டுப் போயிருக்கான். லுவான் அண்ணன் டீ குடிச்சிட்டு வரட்டும்." அவன் காத்திருந்த நேரத்தில் கஞ்சியைக் குடித்தான். "இஞ்சி இன்னிக்குத் தூக்கலா இருக்கு" என்றான். நாங்கள் நன்றாகப் பேசினோம்.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு முறை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கலையைக் கற்றுக்கொள்வது சந்தோஷமாகவே இருந்தது. எந்தக் கார் எவ்வளவு உருளும் என்று என்னால் எழுதித் தர முடியும். யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு காரில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

ஒரு மார்ச் மாதம், வேறு மாகாணத்தில், ரயோங்கில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னான். தொழிற்சாலை வேலை, தங்குமிடம் கொடுக்கிறார்கள், அந்தப் பெண்ணும் வருகிறாள். திங்கட்கிழமை பத்து மணிக்குள் போய்ச் சேரவில்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம். வண்டியிலேயே போய்விடுவதாகச் சொன்னான். "மாசத்துக்கு ஒரு தடவை வருவேம்மா. பதினேழை மட்டும் விட்டுக் குடுத்துடாதே" என்று சிரித்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலை சிறிய கார் எதுவும் வசதியாக நிற்கவில்லை. புன்சோங்கின் வேன்தான் நின்றது. பள்ளிச் சீருடைகளை ஏற்றிப் போகிற வேன், பாரம் இறக்காமல் இருந்தது. அவர் கல்லுக்குப் பச்சை வண்ணம் அடித்து வைத்திருப்பார், யாரும் எடுத்துப் போகாமலிருக்க. நான் வேனை வழக்கம்போல் இறக்கினேன். கடைசியில் அவருடைய பச்சைக் கல்லையே சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன், அதுதான் முறை.

இன்னொருவர் இருந்தால் இரண்டே நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள். ஆகவே லுவானை இறைச்சி வாங்கச் சந்து முனைக்கு அனுப்பினேன். "கேட்டுல ஆள் இல்லன்னா ஆபீஸ்ல திட்டுவாங்க பெரியம்மா" என்றான். "பத்து நிமிஷந்தானே லுவான். பையன் தூரப் பயணம் போறான். சுட்ட பன்றி இறைச்சின்னா உயிரை விடுவான்" என்றேன். லுவானுக்கு அனுச்சித்தைப் பிடிக்கும். ஓடினான்.

நான் மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அதில் கம்பி வைத்த சிறிய கண்ணாடி இருக்கிறது, நீ பார்த்திருப்பாய்.

அனுச்சித் பையும் ஹெல்மெட்டுமாக வந்தான். வேனைப் பார்த்தான். லுவானைக் கூப்பிட்டான். கடிகாரத்தைப் பார்த்தான். சிறு வயதிலிருந்தே அவன் வண்டிகளோடு பேசுவான். "என்னடா, நீயும் எங்கம்மா மாதிரியே வழிய மறிச்சுக்கிட்டு நிக்கற" என்று வேனைச் செல்லமாகத் தட்டினான். பிறகு வேனுக்கு முன்னால், தூணுக்கும் வேனுக்கும் இடையில், பள்ளத்தில் போய் நின்றான். முதுகைக் கொடுத்து வேனை ஓர் அங்குலம் மேலே தள்ளினான். காலால் கல்லைத் தேடினான்.

நான் கதவில் கையை வைத்துவிட்டேன், பாரிச்சாத். வாயையும் திறந்தேன். "நில்லு" என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால், 'நீ இங்க என்ன பண்றே' என்று கேட்பான். இத்தனை மாதம் வெள்ளைக் காரும் சாம்பல் காரும் எப்படி வந்தன என்பது அவனுக்குப் புரிந்துவிடும். மானக்கேடாக இருக்கும். அதோடு, மறைப்பானேன், நான் ஒரு கணக்கும் போட்டேன். வேன் மெதுவாகத்தான் உருளும். பட்டால் காலில் படும். கால் என்றால் ஆறு வாரம். ஆறு வாரம் வீட்டில் இருப்பான். தொழிற்சாலைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

வாயை மூடிக்கொண்டேன்.

அவன் கல்லை உதைத்தான். பாரம் ஏற்றிய வேன். காலில் படவில்லை, மார்பைத் தூணோடு சேர்த்து நசுக்கியது. மோட்டார் சைக்கிளின் வலது கண்ணாடியில் ஒரு விரிசல் விழுந்தது; அது இன்றும் இருக்கிறது. அதன்பிறகு நான் கத்தினேன். எட்டாவது மாடிவரை கேட்டதாகச் சொன்னார்கள்.

போலீஸ்காரர்கள் பச்சைக் கல்லைப் பார்த்தார்கள். வேன் யாருடையது என்று கேட்டார்கள். விபத்து என்று எழுதினார்கள். காவலில் இல்லாததால் லுவானை வேலையைவிட்டு அனுப்பினார்கள். இறைச்சிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு அழுதான். நான்தான் அனுப்பினேன் என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மகனை இழந்தவளைப் பேச்சில் இழுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பான். நல்ல மனிதன்.

புன்சோங் அனுச்சித்துக்குப் புண்ணியம் சேரத் தலை மழித்துப் பதினைந்து நாள் துறவியாக இருந்தார். திரும்பி வந்து என் வாசலில் தரையில் உட்கார்ந்தார். "அக்கா, நான் மேலதான் நிறுத்தினேன். கல்லையும் நல்லாத்தான் வெச்சேன். வெச்சேன்னுதான் நெனைக்கிறேன். இப்பல்லாம் ஞாபகமே சரியா இல்ல அக்கா" என்றார்.

"போகட்டும், விடுங்க" என்றேன்.

மறுநாள் காலை வேனை விற்றுவிட்டார். அதற்கடுத்த நாளிலிருந்து, நான் கேட்காமலே, தினமும் அனுச்சித்தின் வண்டியைத் துடைத்து, கிளப்பி, என்னைப் பின்னால் உட்காரவைத்துச் சந்தைக்கு அழைத்துப் போகிறார். ஒன்பது வருடம். திரும்பி வந்ததும் இருவரும் கஞ்சி குடிப்போம். இஞ்சி தூக்கலாக இருந்தாலும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அதனால்தான் 'பயன்படுத்துபவர்' என்ற இடத்தில் அவர் பெயர்.

போன மாதம் அவருடைய மகள் கோன் கேன் ஊரிலிருந்து பேசினாளாம். முட்டிவலியோடு தனியாக இருக்க வேண்டாம், வந்துவிடுங்கள் என்றாளாம். இன்று காலை ஆறு மணிக்குத் தன் பழைய காரில் கிளம்புகிறார். நேற்று வந்து சாவியை மேசைமேல் வைத்தார். "அக்கா, வண்டிய யாருக்காவது குடுத்துடுங்க. எடமாவது அடுத்தவங்களுக்குப் பயன்படட்டும்" என்றார். எனக்குக் கோபம் இல்லை. மகள்கள் கூப்பிடத்தான் செய்வார்கள்.

இப்போது ஐந்து நாற்பது. இந்தத் தாள்களை உன் அலுவலகக் கதவுக்கு அடியில் போட்டுவிடுகிறேன். நீ எட்டரைக்கு வரும்போது காலில் தட்டுப்படும். கீழே போய்விட்டுத்தான் வந்தேன். மூன்றாம் மாடி வாத்தியாரின் பிக்கப் வண்டி இப்போது புன்சோங்கின் காருக்குக் குறுக்கே, தூணுக்குச் சற்று மேலே நிற்கிறது. புதுக் காவலாளியைப் பன்றி இறைச்சி வாங்க அனுப்பியிருக்கிறேன். கல்லைக் கவனமாக வைத்திருக்கிறேன், நீ பயப்பட வேண்டாம். புன்சோங் அனுச்சித்தைப்போல் கல்லை உதைக்கிற ஆள் இல்லை. அவருக்கு முட்டி வலி. நிதானமாகக் குனிந்து, கையால்தான் எடுப்பார்.

அடுப்பில் இரண்டு பேருக்குக் கஞ்சி இருக்கிறது. ஸ்டிக்கரைப் பழையபடியே கொடுத்துவிடு. பயன்படுத்துபவர் பெயரை அடிக்காதே. அவர் எங்கும் போகவில்லை.