பங்குக்கு வந்த 386

தாராபுரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒருவர், மடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த பெரிய கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த மனைவியிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

“கம்பெனியப் பங்கு பிரிக்கறப்ப எங்கண்ணன் வேகமா ஓடற புது நானூத்தி எண்பத்தாறு கம்ப்யூட்டர வெச்சுக்கிட்டு, பழைய முன்னூத்தி எண்பத்தாற என் தலையில கட்டிப்போட்டான்!”

“பங்கு வெச்சதுதானுங்க அவரு. மொதல்ல எடுத்தது நீங்கதானுங்களே.”

“சின்னவன் மொதல்ல எடுக்கறதுதான மொற? உள்ள என்ன இருக்குதுன்னு அவன் சொன்னானா?”

“நீங்க கேட்டீங்களா? பெருசா இருக்குதுன்னு ஓடிப்போய்க் கைய வெச்சீங்க.”

“பின்ன? காடு தோட்டம் பிரிச்சாலும் பெருசத்தான எடுப்போம்! இதுல நான் ஒரு பனியன் டிசைனத் தொறக்கறதுக்குள்ள அவன் அதுல மூணு டிசைன முடிச்சுப்போடுவான். திருட்டுப்பய!”

அவிநாசிபாளையம் தாண்டியதும் கண்டக்டர் வந்து பெட்டியைப் பார்த்தார்.

“இதுக்கு லக்கேஜ் போடோணுங்க.”

“காலைல எங்கண்ணனும் இதே பஸ்ஸுலதான ஒரு கம்ப்யூட்டரக் கொண்டு போனான்? அதுக்குப் போட்டீங்களா?”

“அது சின்னப் பொட்டிங்க. மடியிலயே அடங்கிருச்சு.”