பச்சைத் தலைக் காளான்கள்

இலையுதிர் காலம் வந்தால் நான் நடத்தும் மருந்துக் கடையில் மண்வாசனைதான். காட்டில் காளான் பறித்தவர்கள் கூடையோடு நேரே என்னிடம் வருவார்கள். சமைக்கக் கூடியது எது, கூடாதது எது என்று பிரித்துக் கொடுப்பேன். அதற்குக் காசு வாங்கும் பழக்கமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

அந்தச் சனிக்கிழமை காலை கிழவர் லாரியுவின் கூடையில் விஷக் காளான் இரண்டு கிடந்தன, அவற்றுக்கும் பச்சைத் தலைதான். எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தனுப்பினேன். அவர் சௌக்கியமாக இருக்கிறார்.

மதியம் குளோதில் வந்தாள். பக்கத்து வீட்டு விதவை, என் பள்ளித் தோழி. கூடை நிறையப் பச்சைத் தலைக் காளான். "நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குப் போதும்டி" என்றாள். எல்லாம் நல்லதுதான் என்று சொன்னேன்.

அவளுக்கும் என் கணவர் பெர்த்ரானுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. இருந்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். ஞாயிறுதோறும் மதியம் எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிடுவாள். வாத்துக் கொழுப்பில் காளானை வதக்கி, பூண்டும் பார்ஸ்லித் தழையும் தூவுவாள். பெர்த்ரான் தட்டை ரொட்டியால் துடைத்துத் துடைத்துச் சாப்பிடுவார். அந்தத் தட்டைக் கழுவவே வேண்டாம். என் வீட்டில் அவர் ஒருநாள்கூட ரொட்டியைத் தட்டில் வைத்துத் துடைத்ததில்லை. பொறாமைதான், வேறென்ன. வயிறு பற்றி எரியும்.

அவரைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள். அந்த ஞாயிறு எனக்குத் தலைவலி என்று சொல்லி, முட்டைக்கோஸ் சூப் வைத்தேன். "இன்னிக்கு ஒருநாள் வீட்டுலயே சாப்பிடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"ராத்திரி சூடு பண்ணிக் குடு, குடிச்சுக்கறேன்" என்று ஒயின் புட்டியோடு கிளம்பினார். வழியை நான் திறந்துதான் வைத்தேன். போனது அவர்.

குளோதில் புதன்கிழமை போனாள். அவர் மறுநாள். ஆஸ்பத்திரியில் முகமெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருந்தாலும் ருசின்னா ருசி, ஒடீல்" என்றார்.

குளோதிலின் கூடையில் குற்றமே இல்லை. அவளுக்குக் காளான் தெரியும். லாரியுவின் இரண்டையும் விஷம் என்று காட்டிக்கொடுக்கும் அடிப்பையைச் சீவிவிட்டு, அவள் திரும்பி நின்றபோது நான்தான் நடுவில் வைத்தேன். இனி அவர் தட்டை யார் வீட்டிலும் துடைக்க மாட்டார். சூப் இன்னும் அடுப்பின் மேல்தான் இருக்கிறது. நீங்கள் கொஞ்சம் ருசி பார்த்துச் சொல்லுங்களேன், அப்படி என்ன குறை என்று.