பரங்கிப்பேட்டைப் போரின் வளையாத நடுவர்

முப்பதாண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து இன்று பணி நிறைவு காணும் முதுகலை ஆசிரியை, திருமிகு சந்திரலேகா அம்மையார் அவர்களின் திருமுன்னர், உடன் பணியாற்றும் நாங்கள் உவந்து படைக்கும் மடல்.

வரலாற்றை வாயால் சொல்லி நிறுத்தாமல் வகுப்பறைக்கே வரவழைத்த வல்லமையே! வெட்சிப் பூச்சூடி ஆநிரை கவர்ந்த பழங்காலம் முதல் ஆளில்லா விமானம் அனல் கொட்டும் இக்காலம் வரை, வில்லும் வேலும், கோட்டையும் கொத்தளமும், படையும் பீரங்கியும் எங்கள் மாணவியரின் விரல் நுனியில் விளையாட வைத்த வித்தகியே! வெயிலுக்கும் அஞ்சாத, வீண்பேச்சுக்கும் அஞ்சாத, மேலிடத்துக்கு அறவே அஞ்சாத மாதரசியே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நடுவிலே எழுந்து, "போதும், மணி அடிச்சாச்சு" என்று எங்களை உட்கார வைத்துவிடுவீர்கள். பட்டறிவு பேசுகிறது. ஆகவே, இனிவரும் சேதியை உங்களிடம் சொல்லாமல், உங்களைப் பற்றி இந்த அவைக்குச் சொல்கிறோம். குறுக்கே பேசாமல் கேட்டருள்க.

அவையோரே! ஆண்டுதோறும் சூலை மாதத்தில், ஆய்வுக்கூட மேசையில் தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலைக் கொட்டிப் பரங்கிப்பேட்டைப் போரை நடத்துவார் சந்திரலேகா அம்மையார். சிதம்பரம் கோயில் மதிலில் முட்டி மூக்குடைந்த ஆங்கிலேயக் கும்பினிப் படை பரங்கிப்பேட்டைக்குத் திரும்பிவிட்டது; அது கடலூருக்குப் போயாக வேண்டும். வழியை மறித்துப் பெரும்படையோடு ஹைதர் அலி நிற்கிறார். புளியங்கொட்டை காலாள், சோழி குதிரை. படைத்தலைவர் இருவரும் ஆளுக்கொரு வகுப்பறையில் அமர வேண்டும். மேசையைப் பார்க்கக் கூடாது. ஒற்றரை அனுப்பிக் கேட்டால்தான் நடுவராகிய அம்மையார் களநிலவரம் சொல்வார். கேட்காததைக் கெஞ்சினாலும் சொல்ல மாட்டார். ஒருமுறை செய்தி கொண்டு ஓடிய பிள்ளை சத்துணவு வரிசையில் நின்றுவிட, குதிரைப்படை மொத்தமும் போயிற்று. அந்தப் படைக்குத் தலைவராய் ஆடிய எங்கள் உடற்கல்வி ஆசிரியர் தேவசகாயம் மறு ஆட்டம் கேட்டு மன்றாடினார். "போர்க்களத்துல பசிக்காதா சார்?" என்றதோடு முடிந்தது வழக்கு.

இப்படிப்பட்ட ஆட்டத்துக்கும் ஒரு நாள் கண்டம் வந்தது. பொம்பளைப் பிள்ளைகளுக்குச் சண்டை சொல்லித் தருகிறார்கள் என்று யாரோ மனுப் போட்டுவிட்டார்கள். விசாரிக்க வந்தார் கொளஞ்சியப்பன் என்ற கல்வித்துறை அலுவலர். அவர் வேண்டாம் என்று எழுதினால் ஆட்டம் அன்றோடு நிற்கும். அம்மையாருக்கும் தொலைதூர மாறுதல் வந்து சேரும். வேறொருவராக இருந்தால் மணலை அள்ளி ஒளித்துவைத்திருப்பார். இவரோ, "ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டு எழுதுங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அலுவலர் சிதம்பரத்துக்காரர். "எங்க ஊரு மதில்ல முட்டிக்கிட்டு ஓடுனவங்கதானே! நான் ஹைதர் பக்கம் ஒக்காருறேன்" என்று உற்சாகமாக அமர்ந்தார். எதிர்ப்பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு சிந்துஜா. அலுவலர் ஆணைமேல் ஆணையாக அனுப்பினார்; ஒற்றரை மட்டும் அனுப்பவில்லை. சிந்துஜாவோ முதல் வேலையாக, "கடல் பக்கம் எதாச்சும் வழி இருக்கான்னு பாத்துட்டு வாடி" என்று தோழியை விரட்டினாள். வழி இருந்தது. பீரங்கி கொண்டுபோக ஹைதரின் ஆட்களே மணல்மேட்டில் வெட்டி வைத்த பாதை அது.

சங்கதி எங்கே போகிறது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. தலைமையாசிரியர் சபாபதி ஐயா அம்மையாரைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, "யம்மா, இந்த ஒரு தடவ அவர ஜெயிக்க வுட்டுடுங்க. பாதையில மணல் சரிஞ்சிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்றார்.

"சரியலையே சார்" என்றார் அம்மையார். உள்ளே போய்விட்டார்.

சிந்துஜாவின் படை மணல்மேட்டுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ப் பக்கவாட்டில் பாய்ந்தது. ஹைதர் படை பின்வாங்கியது. தம் வகுப்பறையிலிருந்து வந்து மேசையைப் பார்த்த அலுவலரின் முகம் சிவந்துவிட்டது. "இந்தப் பாதைய எங்கிட்ட யாருமே சொல்லலையே?"

"நீங்க யாரையும் பாக்க அனுப்பலையே சார்."

ஆனால் ஆட்டம் அங்கே முடிவதில்லை. அம்மையாரின் சட்டப்படி வென்றவருக்குக் கைதட்டல் கிடையாது. இரு தரப்பிலும் விழுந்தவர்களை வென்றவரே தம் கையால் பொறுக்க வேண்டும். ஒவ்வொருவரும் எந்த ஊர் வீட்டுப் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிந்துஜா பொறுக்கத் தொடங்கினாள். "இவரு புவனகிரி. இவரு வடலூரு. இவரு எங்க தெரு." அடுத்ததை எடுக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மையாரும் காத்திருந்தாரே தவிர, போதும் என்று சொல்லவில்லை.

அப்போது கொளஞ்சியப்பன் மேசையருகே வந்தார். மணலில் கிடந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இவன் எங்க ஊரு. நான் ஒரு ஆள அனுப்பிப் பாத்திருந்தா இவன் வீட்டுக்குப் போயிருப்பான்" என்றார். சத்தியமாகச் சொல்கிறோம், எங்களில் பலர் அழுதுவிட்டோம். தம் அறிக்கையில், இந்த ஆட்டம் சண்டை கற்பிக்கவில்லை, சண்டையின் விலையைக் கற்பிக்கிறது, தொடர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவருக்காகப் பாதையை மூடியிருந்தால் சிரித்த முகத்தோடு ஆட்டத்தையும் மூடிவிட்டுப் போயிருப்பார்.

அம்மையீர், இனி உங்களிடமே பேசுகிறோம். உடல் நலமும் உள்ள உரமும் குன்றாது, பேரப்பிள்ளைகளையும் அதட்டிக்கொண்டு, நூறாண்டு தாண்டி நிமிர்ந்து நில்லுங்கள். தில்லைக் கூத்தன் துணையிருப்பான். வள்ளலாரின் பெருங்கருணை வழிநடத்தும்.

நீங்கள் போனால் எல்லாரும் இளகிவிடுவார்கள் என்று கவலைப்பட்டீர்களாம். கவலை வேண்டாம். வரும் சூலையில் நடுவர் இருக்கையில் அமரப்போகிறவர், மறு ஆட்டம் கேட்டு மன்றாடிய அதே தேவசகாயம். சிறப்பு விருந்தினராய் வந்து நீங்களும் ஒரு பக்கம் ஆட வேண்டும் என்பது எங்கள் அன்பு அழைப்பு. வாசலில் மாலை போட்டு வரவேற்போம். மோர் கொடுத்து உபசரிப்போம். ஆனால் ஒற்றரை அனுப்ப மறந்தீர்களானால், அம்மையீர், உங்களைத் தோற்கடித்து, விழுந்தவர்களை நாங்கள் பொறுக்கி முடியும்வரை உட்கார வைத்துத்தான் அனுப்புவோம்.

இங்ஙனம்,
உங்களிடம் ஒருமுறைகூடச் சலுகை பெறாத
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
கடலூர்.