இரண்டாவதைத் தொட்டு முதலுக்கு

பழைய வண்டி வைத்திருப்பவனுக்குப் பொறுமை வேண்டும் சார். புது வண்டி நாம் சொன்னதைக் கேட்கும். பழைய வண்டி சொல்வதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என்னுடையதற்கு இருபத்தெட்டு வயது. கரும்பச்சை நிறம். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இரண்டு இருக்கை. உட்கார்ந்த பிறகுதான் காலை உள்ளே இழுத்துக்கொள்ள முடியும். "குளியல் தொட்டியில இறங்குற மாதிரி இருக்குண்ணா" என்பாள் என் தங்கை, ஒவ்வொரு முறையும். ஒவ்வொரு முறையும் நான் சிரிப்பேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஸ்டேஷன் பெஞ்சில், மடியில் என் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஐந்து நிமிட வேலை என்று நீங்களும் சொன்னீர்கள். கொஞ்சம் கூடுதலாக ஆகும். மன்னிக்க வேண்டும்.

விபத்து நடந்து ஏழு வாரம் ஆகிறது. உங்கள் அறிக்கையை இரண்டு தடவை படித்தேன். தேதி, நேரம், பள்ளத்தின் ஆழம் எல்லாம் சரி. ஒரே ஒரு சொல்தான் உறுத்துகிறது. அதற்கு வருகிறேன்.

நான் லிப்ட் பராமரிப்பில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருடம். இந்த நகரத்தில் நூற்று நாற்பது லிப்டுகள் என் கையெழுத்தில் ஓடுகின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை என்றால் மூன்று மாதம்தான், ஒரு நாள் தள்ளாது. காய்ச்சலோடு போயிருக்கிறேன். அப்பா இறந்த மறுவாரம் போயிருக்கிறேன். கூட வேலை செய்பவர்கள் எனக்கு 'காலண்டர்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். கேலிதான். எனக்குப் பிடித்த கேலி.

தங்கைக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவும் போனபோது அவளுக்குப் பதினொன்று. தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு நான்தான் உட்காருவேன். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அவள் படிப்பு முடியட்டும் என்றேன். முடிந்தது. அதற்குள் பேச்சு எடுத்தவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு பேர், வண்டியில் இரண்டு இருக்கை. எல்லாம் பொருத்தமாக இருந்தது என்கிறேன், அவ்வளவுதான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பவர் சோதிப்பவர். நல்ல மனிதர். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். குடியில்லை, கோபமில்லை, குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என் வீட்டு மாடியிலேயே குடிவந்தார்கள். நான் கேட்டுக்கொண்டேன், அவர் தட்டவில்லை. இப்போது நான் போட்டிருக்கும் கண்ணாடி அவர் செய்து கொடுத்ததுதான். "மச்சான், இனிமே நூறடி தூரத்துல வர்ற கொசுகூட உங்ககிட்ட பர்மிஷன் வாங்கிட்டுத்தான் வரும்" என்றார். மிகையில்லை. தூரம் துல்லியமாகத் தெரிகிறது.

வண்டியில் கியர் தளர்ந்தது பதினான்கு மாதத்துக்கு முன்னால். லீவருக்கு அடியில் புஷ் என்று சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும். அவை தேய்ந்துவிட்டன. கை தவறி ரிவர்ஸில் விழாமல் தடுக்கிற ஸ்பிரிங்கும் சோர்ந்துவிட்டது. அந்த வண்டியில் முதல் கியரும் ரிவர்ஸும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டுக்கும் லீவரை மேலே தள்ள வேண்டும். முதலுக்கு என்று தள்ளினால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிடும். கைக்கு வித்தியாசம் தெரியாது. கிளட்சை விட்ட பிறகுதான் தெரியும்.

மெக்கானிக்குக் 'காது' என்று பட்டப்பெயர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்வார். லீவரை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார்.

"சார், இது கியர் லீவர் இல்ல, கஞ்சியில விட்ட கரண்டி. பாகம் வரவழைச்சுட்டா ஒரு மணி நேர வேலை. சொல்லிடவா?"

"சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்" என்றேன்.

என் வாழ்நாளில் ஒரு பராமரிப்பை நான் தள்ளிப்போட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் பாகம் வந்தது. ஒரு பொட்டலமாக வாங்கி வந்து ஆபீஸ் மேஜை இழுப்பறையில் வைத்தேன். காரணம் உண்டு. அதற்குள் நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். லீவரை முதலில் இரண்டாவது கியருக்கு இழுக்க வேண்டும். அங்கிருந்து நேராக மேலே தள்ளினால் முதல் கியர். தவறவே தவறாது. இரண்டாவதைத் தொட்டு முதலுக்கு. ஒரே வாரத்தில் கைக்குப் படிந்துவிட்டது. என்னைத் தவிர யாருக்கும் அடங்காத வண்டி என்பதில் ஒரு சுகம் இருந்தது சார். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு அதைத் தொட்டதில்லை. அவளுக்குக்கூடத் தெரியாது. ஆரம்பத்தில் அவ்வளவுதான். அந்தச் சுகம் மட்டும்தான்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

"அண்ணா, இவருக்குச் சொந்தமா கடை போட இடம் அமைஞ்சிருக்கு. ஊர்தான் கொஞ்சம் தூரம். எட்டு மணி நேரப் பயணம். மாசக் கடைசியில கிளம்பறோம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லீவுக்கு லீவு வந்துருவோம்ணா" என்றாள்.

லீவுக்கு லீவு. நல்ல விஷயம் என்றேன். என் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். அவர்கள் தட்டையும் கழுவினேன்.

மறுநாள் மெக்கானிக் காது போன் செய்தார். "சார், ஊர்ல இருக்கற லிப்டுக்கெல்லாம் நாள் குறிக்கிறீங்க. சொந்த வண்டிக்கு மட்டும் நல்ல நேரமே வரலையா?"

"மாசக் கடைசி ஆகட்டும்" என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது.

அந்த வாரமே தங்கை கேட்டாள். "போறதுக்குள்ள ஒரு தடவை அவருக்கு வண்டியைக் குடுங்களேண்ணா. ரொம்ப ஆசை அவருக்கு. வாயைத் திறந்து கேக்க மாட்டாரு."

யோசிக்கிறேன் என்றேன். ஆறு நாள் யோசித்தேன். நடுவில் புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அணைக்கு மேலே இருக்கிற காட்சிமுனைக்குத் தனியாகப் போய்வந்தேன். அங்கே பதினோரு வண்டி நிற்கலாம். ஒன்பது இடத்துக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு இருக்கிறது. கடைசி இரண்டில் துருப்பிடித்த தடுப்பைப் பழுதுபார்க்கக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தது. தரை பள்ளத்தைப் பார்த்து லேசாகச் சரிகிறது. இந்த மாதிரி விஷயங்கள் என் கண்ணில் படாமல் போகாது, தொழில் அப்படி. குறை சொல்ல வேண்டிய எண் சுவரில் எழுதியிருந்தது. குறித்துக்கொண்டேன். கூப்பிடுவதைத் தள்ளிப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏறும்போது நான் ஓட்டுகிறேன், இறங்கும்போது நீங்கள் ஓட்டுங்கள் என்றேன். தங்கை வாசலில் நின்று கையாட்டினாள். அவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது சிக்னலில் கேட்டார்.

"மச்சான், நின்னு கிளம்பறப்பெல்லாம் ரெண்டாவதுக்கு இழுத்துட்டு அப்புறம் ஒண்ணாவதுக்குப் போடறீங்களே, இந்த வண்டிக்கு அப்படித்தானா?"

இதை நீங்கள் கவனிக்க வேண்டும் சார். அவர் கேட்டார். கண்ணைச் சோதிக்கிறவர், அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"அது என்னோட கெட்ட பழக்கம் மாப்பிள்ளை. நீங்க நேரா ஒண்ணாவதுல போடுங்க. வண்டிக்கு அதான் நல்லது" என்றேன்.

"நல்லவேளை கேட்டேன்" என்றார்.

காட்சிமுனையில் கூட்டமில்லை. கடைசி இடத்தில், பின்பக்கம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினேன். நான் எங்கே நிறுத்தினாலும் வண்டியின் முகம் வெளியே பார்க்கத்தான் நிறுத்துவேன். கயிற்றை வண்டி மறைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தோம். பிறகு சாவியைக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்து, இருக்கையைச் சரிசெய்து, கண்ணாடியைத் திருப்பி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாம் செய்தார்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்ளோ கை நடுங்கல மச்சான்."

"இருங்க இருங்க, முன்னாடி நின்னு ஒரு படம் எடுக்கறேன். தங்கச்சிக்கு அனுப்பணும்" என்று முப்பது அடி தள்ளிப் போய் நின்றேன். அங்கிருந்து சொன்னேன், "இடம் சரிவா இருக்கு மாப்பிள்ளை. ஆக்ஸிலேட்டரை நல்லா மிதிச்சு எடுங்க."

தலையாட்டினார். லீவரை மேலே தள்ளினார்.

நேராகத் தள்ளினால் பத்துக்கு ஆறு தடவை ரிவர்ஸில் விழும். மிச்சம் நான்கு அவருடையது. அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் கியர் விழுந்திருந்தால் சேர்ந்து வீட்டுக்கு வந்திருப்போம். மாதக் கடைசியில் பெட்டிகளை நானே தூக்கி ஏற்றி வழியனுப்பியிருப்பேன். அநியாயம் எனக்குப் பிடிக்காது.

வண்டி பின்னால் துள்ளியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பயம் இல்லை அந்த முகத்தில், பயப்படுவதற்கு நேரமில்லை. சோதனை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு லென்ஸாக மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று பொறுமையாகக் கேட்பாரே, அந்த முகம். முப்பது அடி தூரம். அவர் செய்து கொடுத்த கண்ணாடி. மிகத் தெளிவாக இருந்தது.

என் விரல் அழுத்தியிருக்கும் போல, படம் விழுந்துவிட்டது. இன்னும் போனில் இருக்கிறது. அழிக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

இந்த ஏழு வாரமாக ஒரு சின்னத் தொந்தரவு. லிப்டில் ஏறி மேல்மாடிப் பொத்தானை அழுத்துகிறேன். லிப்ட் மேலேதான் போகிறது, மாடி எண்ணும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு மட்டும் ஒரு கணம் பின்னால் சரிகிறது. கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். கூட வருபவர்கள் பார்க்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் கை தானாகக் கீழே இழுத்து மேலே தள்ளுகிறது. போன வாரம் தங்கை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்னண்ணா பண்ணுது கை?" என்றாள். பழக்கம் என்றேன். அந்தச் சொல்லை எங்கே, யாரிடம் சொன்னேன் என்று நினைவு வந்து, பாதிச் சாப்பாட்டில் எழுந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

முதல் வாரத்தில் ஒரு தடவை கேட்டாள். "வண்டியில ஏதாவது கோளாறு இருந்துச்சாண்ணா?"

"இல்லம்மா. பழகாத வண்டி. பதறிட்டாரு."

"நான்தான் குடுக்கச் சொல்லி உங்களை நச்சரிச்சேன்" என்றாள். அதிலிருந்து அதையே சொல்கிறாள். கட்டிவைத்த பெட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து, அவர் சட்டைகளைத் திரும்ப மாடி அலமாரியில் அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே சொன்னாள். காதும் வந்து அழுதார். "சாவியைப் பிடுங்கி வெச்சுருக்கணும் சார், தப்பு என்னோடது" என்றார். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை.

இப்போது அந்தச் சொல். கியர் ரிவர்ஸில் இருந்தது, புஷ் தேய்ந்திருந்தது, மெக்கானிக் மூன்று முறை எச்சரித்திருக்கிறார், எல்லாம் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே, 'உரிமையாளரின் அலட்சியம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அபராதத்தோடு முடிந்துவிடும் என்றும் ஆறுதல் சொன்னீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள்.

ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பார்த்து ஒருவரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை சார். வேலை மறக்கிறவன், நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்குகிறவன், அவனோடு சேர்த்து என்னை எழுதக்கூடாது. நான் எதையும் மறக்கவில்லை. பொட்டலம் இழுப்பறையில் எந்த மூலையில் இருக்கிறது என்று இப்போதும் சொல்வேன். தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு எனக்குத் தெரியும். தெரிந்தே தள்ளிப்போட்டேன். இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் நிறுத்தினேன். அவர் கேட்டபோது தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். என் தங்கையின் கணவரைக் கொன்றது நான். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. காகிதத்தில் நான் சொன்னபடி இருக்கட்டும். அவளிடம் மட்டும் நீங்கள் முதலில் எழுதிய சொல்லையே சொல்லிவிடுங்கள். அலட்சியம் என்றால் மன்னித்துவிடுவாள், இளகின மனசு. வெயில் ஏறுகிறது, நேரே வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். வேறெங்கும் போய்விட வேண்டாம், எத்தனை வருடம் ஆனாலும் அண்ணன் வந்துவிடுவான் என்று சொல்லுங்கள். பாவம் சார். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?