மண்கோட்டையும் ஒன்றரை மணிச் சைரனும்

ஹலோ... ஹலோ, ஆராவ் ரவுணில கோட்டை தோண்டுற இடமோ?... ஆ, ராசா அண்ணையோ! நான் செசீலியா, வின்டர்தூரிலயிருந்து. டெஸ்மன்டின்ர அக்கா... ஓம், ஓம், ஆஸ்பத்திரி லாண்டரியிலதான். வேலையிலயிருந்துதான் எடுக்கிறன். அண்ணை, தம்பியை ஒருக்கா ரெலிபோனுக்குக் கூப்பிடுங்கோ. அவசரம்...

எங்க நிக்கிறான்?... குழியடியிலயோ? என்ன குழி?...

ஓம், கோட்டை எண்டு எனக்கும் சொன்னவன். நான் கல்லுக்கோட்டை எண்டெல்லோ நினைச்சன்... கல்லே இல்லையோ? மண்ணைக் குவிச்சு, மேல மரவேலி அடிச்சு... தொள்ளாயிரம் வருசமோ!... சரி, ரோட்டுப் போட முன்னம் வெட்டி முடிக்கவேணும், அதுதான் இந்தக் குளிருக்குள்ளயும்... நல்லது அண்ணை, அதைப் பிறகு கதைப்பம், முதல்ல அவனை...

என்னது? எலும்போ?... இண்டைக்குக் காலமையோ! ஐயோ மாதாவே... எத்தினை பேர்?... அஞ்சு. அதில ஒண்டு சின்னது...

எதிரி வேலிக்கு நெருப்பு வைக்க, கோட்டைச் சனம் கீழ மண்ணறைக்குள்ள இறங்கிட்டினமோ... மரக்குத்தி அடுக்கி, மேல மண் போட்டு... அண்ணை, அது ஊரில பிளேன் குண்டுக்கு நாங்கள் பதுங்கின பங்கரெல்லோ!... ஓம், எங்களுக்குப் பனங்குத்தி, அவைக்குக் காட்டுமரம்... பிறகு?... குத்தி எரிஞ்சு மண் முழுக்க மேல விழுந்ததோ. பழைய ஏட்டில எல்லாரும் தப்பினவை எண்டு எழுதியிருக்கோ... ஒருத்தரும் தப்பேல்லை.

அந்தக் குழியடியிலயோ என்ர தம்பி நிக்கிறான்?

மண் அரிக்கிறானோ. சரி. குழிச் சுவர் சரியாமல் பலகை முட்டுக் குடுத்திருக்கோ?... ஒரு பக்கம் மட்டுமோ! பனி கரைஞ்சு களியாக் கிடக்கு எண்டு நீங்களே சொல்லுறியள்... ஆ, மற்றப் பலகை வருமட்டும் ஒருத்தரும் இறங்கக்கூடாது எண்டு உங்கட பொறுப்பாளர் ஷெஃப் சொன்னவரோ. அண்ணை, அவன் இறங்குவான். கேளுங்கோ!

இண்டைக்குப் பெப்ரவரி முதல் புதன். ஒண்டரைக்குச் சுவிஸ் முழுக்கச் சைரன் ஊதுவினம், சோதிச்சுப் பார்க்க... உங்களுக்குத் தெரியும், நீங்கள் வந்து ஏழு வருசம். அவன் வந்து அஞ்சு மாசம். அவனுக்கு ஆர் சொன்னது?... சிரிக்காதேங்கோ அண்ணை! போன மாசம் ஹெலி ஒண்டு வீட்டுக்கு மேலால போக, கட்டிலுக்குக் கீழ பூந்தவன். அரை மணித்தியாலம் வெளியில வரேல்லை. சத்தம் கேட்டால் அவன் வெளியில ஓடமாட்டான், குழிக்குள்ளதான் பாய்வான். அம்மா எங்களைப் பழக்கினது அப்பிடி...

ஓம், ஓம், நீங்கள் பாயமாட்டியள், பெரிய ஆள்தான்... அங்க மணி என்ன?... இஞ்ச ஒண்டு இருபத்தாறு! ஓடுங்கோ அண்ணை. அவனை ரெலிபோனுக்கு அனுப்பிப்போட்டு நீங்கள் குழியடியிலயே நில்லுங்கோ. திரும்பி ஓடி வந்தானெண்டால் மறியுங்கோ... ஓம், வைக்கேல்லை. பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்...

...

ஹலோ?... ஹலோ?... தம்பி! நீயோ! கடவுளே... ஓம், அக்காதான். நீ கதையாதை, கேள். இப்ப சைரன் ஊதும். சும்மா சோதனைக்கு. நீ ஓடக்கூடாது, ரெலிபோனை விடாமல்...

ஊதுது. இஞ்சயும் ஊதுது. பயப்பிடாதை குஞ்சு, மேசையைப் பிடி... ஓம், அக்கா இருக்கிறன்... பிளேன் வராது... வராதடா, இது சுவிஸ்... ஓம்... ஓம்... அழாதை... இன்னும் கொஞ்சம்...

ஆ, நிண்டுட்டுது. பாத்தியோ? ஒண்டுமில்லை. இப்ப ராசா அண்ணையைக் கூப்பிடு. அந்த மனுசனுக்கு ஒரு நன்றி சொல்ல வேணும்...

காணேல்லையோ? குழியடியிலதானே நிக்கச் சொன்னனான். யன்னலால வடிவாப் பார்...

குழிக்குள்ள பாய்ஞ்சவரோ?... ஆர்? ராசா அண்ணையோ?... விசர்க்கதை கதையாதை! அவர் ஏழு வருசமா இஞ்ச... சிரிச்சவரடா, இப்பத்தான் என்னோட சிரிச்சவர்... உன்னைப் பாத்து 'உள்ள வா, உள்ள வா' எண்டு கத்தினவரோ...

தம்பி, ஷெஃப் ஏன் கத்துறார்?... மண் சரிஞ்சுட்டுதோ?... எந்தப் பக்கம்? முட்டில்லாத பக்கமோ?... நீ போகாதை! டெஸ்மன்ட், நீ கிட்டப் போகாதை... ரெலிபோனை வைக்காதை, தம்பி... நான்தானடா அவரை அங்க நிக்கச் சொன்னனான்... ஹலோ?... ஹலோ?...